கடலுக்குக் காட்டிய நண்டு

மீனை வாயில் வைக்காதவள் நான். என் அம்மா வைத்ததில்லை, அவள் அம்மாவும் வைத்ததில்லை. செஞ்சிப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற நயினார் குடும்பம் எங்களுடையது. நயினார் என்றால் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாட்டையே தொடாத ஆட்கள். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இறாலையும் நண்டையும் கூழாக்கி, அதில் கெட்ட பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தே என் உத்தியோகக் காலம் முழுவதும் ஓடிவிட்டது. இப்போதும் விழுப்புரம் மார்க்கெட்டில் மீன் கடையைத் தாண்டும்போது, வாசனையை வைத்தே இன்றைய சரக்கா நேற்றைய சரக்கா என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். என் கணவர் தரணேந்திரன் என்னைத் தெரியாதவர் மாதிரி நாலடி முன்னால் போய்விடுவார்.

போன வாரம் ஆய்வகத்திலிருந்து அனிதா போன் பண்ணினாள். நான் உட்கார்ந்திருந்த மேசை இப்போது அவளுடையது. "மேடம், புது மெஷின் வந்திருக்கு. காலையில சாம்பிள் வெச்சா சாயங்காலமே ரிசல்ட்டு. உங்க காலத்துல எப்டி மேடம் அவ்ளோ நாளு காத்துக்கினு இருந்தீங்க?" என்றாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை போலிருக்கிறது. "மேடம், பஸ் வந்துடுச்சு. நீங்க எழுதிக் குடுத்துடுங்க, நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்று நழுவிவிட்டாள். கேட்டுவிட்டாள் அல்லவா, இனி படிக்கத்தான் வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுண்ணுயிரியல் படித்தேன், தேறினேன், வேலை கிடைத்தது. அந்த வேலை என்னவென்று வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "மீன்ல கிருமி இருக்குதான்னு பாக்கற வேலைம்மா" என்றேன். அம்மா மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பாத்துட்டு அந்தக் கிருமிய இன்னா பண்ணுவீங்க?" என்றாள். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பெரிய குக்கர் மாதிரி ஒன்றில் போட்டு ஆவியில் கொன்றுவிடுவோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கின ஜீவனைத் திரும்பக் கிணற்றிலேயே கொண்டுபோய் விடுகிறவள் அவள். அப்பாதான் காப்பாற்றினார். "நாலு பேரு வயித்துக் கோளாறுல படுக்காம பாத்துக்கறதும் ஜீவகாருண்யம்தான், போயிட்டு வரட்டும்" என்றார். நான் பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தின் தலைவர் வேதநாயகம் சார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பாக்டீரியாவைப் பற்றி அவர் மரியாதையாகத்தான் பேசுவார். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்களெல்லாம் அறிக்கையில் எழுதுவதற்கு மட்டும். வாயால் கேட்கும்போது, "விருந்தாளிங்க வந்திருக்காங்களா?" என்பார். வரவில்லை என்றால், "பாவம், வேற வூட்டுக்குப் போயிட்டாங்க போல" என்பார். வேலையில் சேர்ந்த புதிதில் இவர் விளையாடுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மேசை முன் நின்றுவிட்டால் அவரிடம் விளையாட்டு கிடையாது.

மாதிரி வந்தால் முதலில் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா, உருகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மேசையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். பர்னரைப் பற்றவைத்து, கத்தரியையும் இடுக்கியையும் தீயில் காட்டி ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் பேசக் கூடாது, பேசினால் நம் வாயிலிருப்பது மீனில் போய் விழும். அப்புறம் இருபத்தைந்து கிராம் அளந்து, கிருமி வளர உதவுகிற ஊட்டநீரோடு பையில் போட்டு ஒரு மெஷினுக்குள் வைப்போம். அதற்குள் இரண்டு பலகைகள் பையை மாறி மாறி உதைத்துக் கூழாக்கும். அந்த மெஷினுக்கு இங்கிலீஷில் ஏதோ கௌரவமான பெயர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் உதைமாமா. உதைமாமா வேலையை முடித்ததும் பையை வெதுவெதுப்பான பெட்டியில் இரவு முழுக்க வைப்போம். மீனில் நாலைந்து கிருமி இருந்தால்கூடக் காலைக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். பெருகினால்தான் நம் கைக்கு அகப்படும்.

பழைய முறையில் வேலை இதற்கப்புறம்தான் தொடங்கும். பெருகினதைக் கம்பியில் தொட்டு, கிருமி முளைக்கிற தட்டில் கோடு இழுத்து, முளைக்கக் காத்திருந்து, முளைத்ததை இன்னொரு தட்டுக்கு மாற்றி, மறுபடி காத்திருந்து, அப்புறமும் சந்தேகம் தீர நாலு சோதனை செய்து முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். "மீனு ஜீரணமாயி, தின்னவன் அடுத்த மீனுக்குப் போயிருப்பான். நம்ம ரிப்போர்ட்டு அப்பதான் பஸ் ஏறும்" என்று சார் சிரிப்பார்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். பி.சி.ஆர். மெஷின் வந்துவிட்டது. இரவில் பெருகவைத்த கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்து அதில் வைத்தால், நாம் தேடுகிற கிருமிக்கே உரிய துண்டு இருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லிவிடும். இருந்தால் திரையில் ஒரு கோடு மெல்ல வளைந்து மேலே எழும்பும். இல்லையென்றால் தரையோடு தரையாகப் படுத்தே கிடக்கும். இன்று வந்த மாதிரிக்கு நாளைக் காலையில் பதில். மெஷினின் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு குழாய்கள் கூடுதலாக இருக்கும். ஒன்றில் தெரிந்த கிருமி, அது எழும்பியே ஆக வேண்டும். இன்னொன்றில் வெறும் தண்ணீர், அது எழும்பவே கூடாது. எழும்பினால் எங்கோ அசுத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம், மொத்த ஓட்டமும் குப்பைக்குப் போகும். அதனால் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு யார் போனாலும் சார் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி இன்னா சொல்லுது?"

முதல் ஓட்டத்தன்று ஆய்வகமே திரை முன்னால் கூடி நின்றது. காவலாளிகூட வந்துவிட்டார். தெரிந்த கிருமி எழும்பியது, எல்லோரும் கை தட்டினோம். அதன் பின்னாலேயே தண்ணீர்க் குழாயும் ஜம்மென்று எழும்பியது. கை தட்டல் பாதியில் நின்றது. யார் தவறு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது சார் தொண்டையைக் கனைத்தார். முந்தின நாள் மாலை, ஆசை தாங்காமல், கிருமிக் குழாயைத் தண்ணீர்க் குழாய்கள் இருந்த மேசையிலேயே திறந்து பார்த்தது அவர்தானாம். "நான்தான் விருந்தாளிய நடுக் கூடத்துல உக்கார வெச்சுட்டேன்" என்றார். தனக்குத் தானே தண்டனையும் போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்கக் வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பாட்டுப் பாடியபடி கண்ணாடிச் சாமான்களைக் கழுவினார். அப்படி ஒரு மேலதிகாரி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

அஞ்சலை எங்களிடம் வந்தது அதற்கப்புறம். மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துக்காரி. அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ரொம்ப காலம் யாருடைய ஷெட்டிலோ இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். விடியும் முன்னே வேன் வரும். ஏறிப் போனால் நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்க வேண்டும். அது வேண்டாமென்று, கரைக்கு வருகிற நண்டைத் தாங்களே ஏலத்தில் எடுத்து, வேகவைத்து, சதையைப் பிரித்து ஐஸில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். வாங்கியவர் புதுச்சேரியில் ஒரு ஓட்டல்காரர். ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும் என்பது அவர் நிபந்தனை. நண்டுச் சதை ஒரு வாரம் தாங்காது, அதனால் பழைய முறையில் இந்த வியாபாரமே நடந்திருக்காது. எங்கள் புது மெஷினை நம்பித்தான் அவர்கள் துணிந்து இறங்கினார்கள்.

முதல் சரக்கில் கோடு எழும்பியது. இரண்டாவதிலும் எழும்பியது. வந்திருந்த விருந்தாளியின் பெயர் விப்ரியோ. கடல் தண்ணீரில் வாழ்கிற இனம். அதில் ஒரு வகை வயிற்றுக்குள் போனால் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் நிமிஷத்தில் செத்துப்போகும். வேகவைத்த நண்டில் அது எப்படி வந்தது என்பது எங்களுக்கே புதிராக இருந்தது.

இரண்டாவது அறிக்கை போன அன்றே அஞ்சலை ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். கையில் ஐஸ் பெட்டி, முகத்தில் அனல்.

"உங்க மெஷினு பொய் சொல்லுது மேடம். கொதிக்கக் கொதிக்க வேவிச்சு எடுக்கிறோம், அதுல பூச்சி எங்கேர்ந்து வரும்? ஓட்டல்காரரு ஒரே பேஜாரு பண்றாரு. இன்னொரு வாட்டி இந்த மாதிரி வந்துச்சுன்னா ஆளை வுடுன்னுட்டாரு. அப்பறம் நாங்க இன்னா பண்றது? திரும்பியும் அந்த வேனுக்குத்தான் நிக்கணும்."

சார் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். "பொய் சொன்னாலும் சொல்லும்மா. இந்த மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம், செத்த கிருமியைக்கூடச் சில சமயம் உயிரோட இருக்கிற மாதிரி காட்டிடும். நீங்க வேவிச்சதுல செத்ததுங்களையே அது பாத்துட்டு கத்துதோ என்னமோ. தட்டுல போட்டுப் பாத்துடலாம். செத்தது முளைக்காது" என்றார்.

அவள் கொண்டுவந்த பெட்டியிலிருந்தே எடுத்துத் தட்டில் கோடு இழுத்தேன். முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் இழுத்தேன். மறுநாள் திறந்தால் தட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாக மணிமணியாய் முளைத்துக் கிடந்தது. சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல ஆரோக்கியமா இருக்காங்க. அப்ப வெந்ததுக்கு அப்பறம்தான் ஏறியிருக்காங்க. எங்க ஏறினாங்கன்னு நீ போய்ப் பாரு ராஜமதி" என்றார்.

பெட்டியும் பஞ்சுக் குச்சிகளுமாகக் குப்பத்துக்குப் போனேன். முற்றத்தில் அடுப்பு, அதன்மேல் அண்டா. உள்ளே ஷெட்டில் மேசை போட்டு, தலைக்குத் துணி கட்டின பெண்கள். என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: "வாங்குவோம், கழுவுவோம், வேவிப்போம், ஆற வெப்போம், சதை எடுப்போம், ஐஸ்ல போடுவோம்." அண்டாவிலிருந்து ஒரு நண்டு எடுத்துக்கொண்டேன். உள்ளே போய் மேசை, கத்தி, ஐஸ், கைகள் எல்லாவற்றையும் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். நான் கைகளை ஒற்றிக்கொண்டிருக்கும்போதே வெந்த நண்டுக் கூடைகள் உள்ளே வந்தன, அதிலும் ஒரு நண்டு எடுத்துக்கொண்டேன். நான் மீனைத் தொட்டாலும் தின்ன மாட்டேன் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "அப்ப இத்தினி வருசமா சும்மா மோந்து பாத்துக்கினேவா இருக்கீங்க?" என்று ஒருத்தி கேட்க, ஷெட்டே சிரித்தது.

மறுநாள் பதில் வந்தது. அண்டா நண்டு சுத்தம். மேசை, கத்தி, ஐஸ், கை எல்லாம் சுத்தம். கூடையில் உள்ளே வந்த நண்டில் மட்டும் கோடு எழும்பியிருந்தது. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஏதோ நடக்கிறது. போன் பண்ணிக் கேட்டேன். "நடுவுல ஒண்ணுமே இல்லியே மேடம், எடுத்தாந்து வெப்போம், அவ்ளோதான்" என்றாள் அஞ்சலை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மலர் என் ரசத்தின் பக்குவம் கேட்டு வந்தாள். புளி ஊறவைப்பதிலிருந்து கொத்தமல்லி கிள்ளிப் போடுவது வரை விலாவாரியாகச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த தரணேந்திரன் தலையைத் தூக்காமலேயே, "தண்ணிய வடிகட்டினத சொல்லவே இல்லியே" என்றார்.

"அதைப் போய் யாராவது சொல்லுவாங்களா? தண்ணின்னா வடிகட்டினதுதான்" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. மலர் வீட்டில் யாரும் தண்ணீரைத் துணியில் வடிகட்டுகிறவர்கள் இல்லை. நான் சொல்லாமல் விட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், செய்கிற காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. ரசத்தையும் மலரையும் அப்படியே விட்டுவிட்டு சாருக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு யாரையும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, கூடையின் பின்னாலேயே நடக்கப் போகிறேன் என்றேன்.

மறுநாள் அண்டா பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அஞ்சலையும் இன்னொருத்தியும் ஆவி பறக்கும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஷெட் வாசலுக்கு வரவில்லை. மணலில் இறங்கி நேராகக் கடலைப் பார்த்து நடந்தார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று கூடையை ஒரு முக்கு முக்கி எடுத்தார்கள். அஞ்சலை ஈரக் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். திரும்பி ஷெட்டுக்கு நடந்தார்கள்.

"அஞ்சலை, இப்ப இன்னா பண்ணீங்க?"

"எது?"

"கூடைய தண்ணியில முக்குனீங்களே."

"அதுவா? கடலுக்குக் காமிச்சேன். காமிக்காம எப்டிங்க மேடம் எடுத்துக்கினு போறது? அது குடுத்த பொருளாச்சே."

கரையிலிருந்து எது வெளியே விற்கப் போனாலும் ஒருமுறை கடலுக்குக் காட்டி, சொல்லிவிட்டு எடுத்துப் போவது அவர்கள் வழக்கமாம். எல்லாக் குப்பத்திலும் உண்டா என்று எனக்குத் தெரியாது, இந்தப் பெண்களிடம் இருந்தது. பச்சை மீன் விற்றவரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வேகவைத்து விற்க ஆரம்பித்த பிறகும் வழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கிறது. முக்கியதில் சூடு தணிந்த நண்டு, ஏறி உட்கார்ந்த விப்ரியோவுக்கு வெதுவெதுப்பான மெத்தை. எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். மணலிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு பெண்களும் கூடையோடு நின்று, வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று என்னைப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும்தான் பயம் வந்தது. கடல் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டுத் தண்ணீர்த் துணியைக் குப்பையில் போடு என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டு நிற்பேனா? சாருக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "விருந்தாளிங்க வூட்டுக்கே போய் கூப்ட்டுக்கினு வந்திருக்காங்களே" என்று சிரித்தார். "நீயே பக்குவமா சொல்லு. அவங்க சாமிய அவங்களே பாத்துப்பாங்க" என்றார்.

பெண்கள் எல்லோரும் ஷெட்டில் கூடினார்கள். "கடல்ல ஒரு தப்பும் இல்ல அஞ்சலை. அந்தப் பூச்சிங்களுக்கு கடல்தான் வூடு. நண்டு இருக்கிற மாதிரி, மீன் இருக்கிற மாதிரி அதுங்களும் அங்க இருக்குதுங்க. வேவிச்சா செத்துடும். வேவிச்ச பிறகு முக்குனா திரும்பியும் ஏறிக்கிது" என்றேன்.

ஒருத்தி, "அப்ப காமிக்காமயே அனுப்பச் சொல்றீங்களா?" என்றாள். ஷெட்டும் வேண்டும், கடலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டில் எதை விடுவார்கள் பாவம்?

அஞ்சலை தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காமிக்கணும்தானே? வேவறதுக்கு முன்னாடி காமிச்சா இன்னா? பச்சையா இருக்கச்சொல்லதான் அது கடல் குடுத்த நண்டு. வெந்தப்பறம் அது நம்ம நண்டு. கடல் ஆத்தாவுக்கு இது கூடவா புரியாது?" என்றாள்.

"புரியும் புரியும்" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் எல்லாக் குரலும் வந்தது. அன்று மாலையே புதுச் சரக்கு தயாரானது. பச்சை நண்டை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள், நானும் கூடவே போனேன். வெந்த பிறகு கூடை நேராக மேசைக்கு வந்தது, தட்டில் பரப்பி மின்விசிறியில் ஆறவைத்தார்கள். மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போய், உதைமாமாவிடம் கொடுத்து, வெதுவெதுப்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஓட்டல்காரர் சொன்ன கடைசி வாய்ப்பு அது.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தால் சார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஓட்டத்தை வைத்துவிட்டு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெரிந்த கிருமி எழும்பியது. தண்ணீர் படுத்திருந்தது. அஞ்சலையின் நண்டும் தண்ணீரோடு சேர்ந்து படுத்திருந்தது. இனி எழும்புமோ இனி எழும்புமோ என்று மெஷினின் கடைசிச் சுற்று வரை பார்த்தோம். எழும்பவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன் போடு" என்றார்.

மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். படகுகள் வந்து கரையில் நண்டு ஏலம் நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக முன்வரிசையில் நிற்கிறவள், அன்று கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறாள். பதில் தெரியாமல் எந்தத் தைரியத்தில் வாங்குவது?

"சொல்லுங்க மேடம்."

"ஒண்ணும் வரல அஞ்சலை. சுத்தமா இருக்குது!"

ஏலக்காரரின் குரல்தான் கேட்டது. யாருக்கோ, "ஒரு தரம்… ரெண்டு தரம்…"

"இருய்யா!" என்று அஞ்சலை போட்ட சத்தத்தில் போன் என் காதிலிருந்து எகிறியது. "அதுக்கு மேல நூறு! எனக்கு! அந்தக் கூடை எனக்கு!"

சார் ஓடிவந்து ஸ்பீக்கரைப் போட்டார். யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ மேலே கேட்டார்கள். அஞ்சலை அதற்கும் மேலே கேட்டாள். ஏலக்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து நண்டைத் தின்று பார்க்காத நான், அந்த ஒரு கூடை நண்டுக்காக மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு தரம்."

யாரும் மேலே கேட்கவில்லை.

"ரெண்டு தரம்."

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு தரம்! அஞ்சலை, எடுத்துக்கினு போ!"